ட்ரையிங் ஹாலில் காணாமல் போன குதிரைகள்

காய்ந்துகொண்டிருக்கும் தோலின் வாசனை வேறு. பச்சைத் தோலின் வீச்சமல்ல அது, சுண்ணாம்புத் தொட்டியின் எரிச்சலும் அல்ல. கொஞ்சம் மரப்பட்டை, கொஞ்சம் மீன் எண்ணெய், இஸ்திரி போட்டு மடித்த துணிக்குள் தங்கியிருக்கும் சூடு. எங்காவது ஒரு மூடிய அறையில் அது ஒரு நொடி எட்டிப் பார்த்தால் போதும், இரும்பு உருளைகள் சுழலும் இரைச்சல் காதில் கேட்கத் தொடங்கிவிடும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசும் இரண்டு ஆண்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவன் என் தம்பி.

ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த வாசனை தெரியாது. தெரியும், ஆனால் வராது. ரயிலில் வருகிற வெளியூர்க்காரர்கள் ஊர் நெருங்கும்போதே மூக்கைப் பொத்துவார்கள். அவர்கள் பொத்துவதைப் பார்த்துத்தான் நாங்கள் ஊர் வந்துவிட்டதென்று பையை எடுப்போம். எங்கள் மூக்கு எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது மறுபடி வேலைக்குத் திரும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கணவர் ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். மெஷின் என்றால் அவருக்குக் குழந்தை மாதிரி. காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒருவர் கழித்துப் போட்ட டைனோ ஒன்றை வாங்கி வந்தார். தரையில் பள்ளம் வெட்டிப் பதித்த இரண்டு பெரிய இரும்பு உருளைகள், அவ்வளவுதான் பார்வைக்கு. காரின் முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, வண்டியைப் பட்டைகளால் தரையோடு இறுக்கிக் கட்டி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் வண்டி ஓரடி நகராமல் நூற்றைம்பதில் ஓடும். சக்கரத்துக்கு எத்தனை குதிரைசக்தி வந்து சேர்கிறது என்பது கம்ப்யூட்டரில் ஒரு கோடாக ஏறும். அக்கம்பக்கத்தில் அதற்குக் 'குதிரை மெஷின்' என்று பெயர்.

அதை வைக்க உயரமான கூரை வேண்டும், உறுதியான தரை வேண்டும். மூடிக் கிடந்த ஒரு தோல் ஷெட்டில் ஒரு ஹால் கிடைத்தது. அதன் உரிமையாளர் பாய், சாவியை என் கணவர் கையில் கொடுக்கும்போது சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். “எங்கப்பா நின்னு கட்டுனது தம்பி. தோல் காயப் போடற ட்ரையிங் ஹாலு. ஒரு பொட்டு சூடு வெளிய போவாது, பாத்துக்கோ!” கூரையடியில் தோல்களைத் தொங்கவிட்ட இரும்புக் கம்பிகள் வரிசையாக இருந்தன. சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் பெரிய மின்விசிறிகள். அந்தப் பெருமையில் நாங்களும் பங்கெடுத்துக்கொண்டு தலையாட்டினோம். மூன்று பேரும் தோல் ஊர்க்காரர்கள், ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

தம்பி இருப்பது வேலூரில். லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் ஒர்க்‌ஷாப். ஒரு கார் உள்ளே வர வேண்டுமென்றால் இரண்டு தள்ளுவண்டிகளும் ஒரு வெங்காய மூட்டை அட்டியும் இடம்பெயர வேண்டும். அவனுடைய வேலை டர்போ கார்களுக்கு ட்யூனிங். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதையெல்லாம் ஈசியூ என்கிற மூளைப் பெட்டி தீர்மானிக்கிறது. அதன் கணக்கை லேப்டாப்பில் திறந்து மாற்றி எழுதுவான். எழுதிவிட்டு விடிகாலையில் கணியம்பாடி ரோட்டுக்குப் போவான். நெல் வயல்களுக்கு நடுவே ஆளில்லாத நேரம் பார்த்து மூன்றாவது கியரில் ஒரு மிதி. வண்டி எத்தனை நொடியில் எந்த வேகத்தை எட்டியது என்று லேப்டாப் குறித்துக்கொள்ளும். அதிலிருந்து குதிரைகளை எண்ணுவான்.

“ரோட்ல ஓடறதுக்குத்தான் வண்டி. கட்டிப் போட்டு ஓட்றதுக்கா?” என்பான்.

“ரோட்ல காத்து அடிக்கும், மேடு வரும், குறுக்க ஆடு வரும். நம்பரு எப்படிரா நிக்கும் மச்சான்?” என்பார் இவர்.

“ஆடு வந்தா பிரேக் போடுவேன் மாமா. உங்க ரோலர்ல ஆடும் வராது, ஆளும் வர மாட்டான்.”

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இப்படிப் பேசிப் பேசியே சாம்பார் ஆறிப்போகும். நான் ரசித்துக்கொண்டு பரிமாறிய சண்டை அது. அது நிஜச் சண்டையாக மாறும் என்று நினைக்கவில்லை.

வேலூரில் ஒரு பல் டாக்டர், தம்பியின் வாடிக்கையாளர். சின்ன டர்போ கார் வைத்திருக்கிறார். தம்பி ட்யூன் செய்து, சக்கரத்தில் நூற்றுப் பதினெட்டு குதிரை என்று சொல்லி அனுப்பியிருந்தான். டாக்டருக்கு அதைத் தாளில் பார்க்க ஆசை. விசாரித்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்து இவருடைய உருளைகளில் வண்டியை ஏற்றினார். அது மச்சான் கைவண்ணம் என்று இவருக்குத் தெரியாது. வந்த நம்பரைத் தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்: நூற்று மூன்று.

டாக்டருக்கு ஆறேழு கார் நண்பர்கள், வாணியம்பாடி வரைக்கும். எல்லோரும் தம்பியிடம் வருவதாக இருந்தவர்கள். அந்தத் தாள் ஒவ்வொருவர் போனுக்கும் போனது. ஒருவரும் வரவில்லை.

தம்பி போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“மாமா, என் பதினைஞ்சு குதிரை எங்க?”

“மெஷின் இன்னா சொல்லிச்சோ அதான் போட்டேன் மச்சான். உன் வண்டின்னு தெரிஞ்சிருந்தாலும் அதான் போட்டிருப்பேன்.”

இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். நேர்மையான மனிதர்களிடம் இதுதான் தொல்லை, கேட்காத இடத்திலும் நேர்மையாக இருப்பார்கள். தம்பி போனை வைத்தான். ஐந்து வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னான்: பூனாவில் ஒரு கார் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், சரி என்று சொல்லப் போகிறான். “இங்க நான் பொய்யன்னு பேராயிடுச்சுக்கா. அங்க போனா யாருக்கும் தெரியாது.”

பூனா ஒன்றும் தொலைவில்லை. ஆனால் பொய்யன் என்கிற பேரோடு ஊரைவிட்டுப் போகிறவன் திரும்பி வருவதற்கான தொலைவை எந்த ரயிலும் ஓடுவதில்லை. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருவர் மேலும் குற்றமில்லை, இரண்டு நம்பர்கள், நடுவில் நான்.

நான் வேலை செய்வதும் நம்பரோடுதான். ஒரு தோல் கம்பெனியில், பதனிட்டு முடித்த தோல்களை அளக்கும் மெஷினில் நிற்கிறேன். தோல் உள்ளே போகும், இத்தனை சதுர அடி என்று வெளியே வரும். விற்கிறவர் மெஷினும் வாங்குகிறவர் மெஷினும் ஒரே தோலுக்கு ஒரே அளவு சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அதனால் தினமும் காலையில் முதல் தோலுக்கு முன்னால், அளவு தெரிந்த ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விட்டுப் பார்ப்போம். அந்த ஷீட் சுருங்காது, நீளாது, ஈரம் குடிக்காது. நம்பர் தப்பாக வந்தால் தப்பு மெஷினுடையது. எங்கள் செக்‌ஷனில் அந்த ஷீட்டுக்கு 'மாமியார்' என்று பெயர். சொன்னால் சொன்னதுதான்.

சனிக்கிழமை மதியம் மாமியாரைத் துடைத்து உறையில் போடும்போது கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டருடைய வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல். நான் வேலைக்குப் போய்வரும் வண்டி, இன்றுவரை யாரும் லேப்டாப் சொருகாதது. என் தம்பியாகவே இருந்தாலும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன்.

பூனா விஷயத்தை இவர் காதில் போட்டேன். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பொய்யைத் திருப்பிப் போட்டுச் சொன்னேன், தம்பியிடம் அவர் உன்னை வரச் சொன்னார் என்று, இவரிடம் அவன் வருகிறேன் என்றான் என்று. ஞாயிறு காலை சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குத் தம்பி டாக்டரின் வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மச்சானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வண்டியைக் கட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் பட்டையை இழுத்தார்கள். ஷட்டரை இழுத்துவிட்டார் இவர். தெருவுக்குச் சத்தம் போகக்கூடாது, பக்கத்து வீட்டில் ஒரு சீக்காளி. புகை மட்டும் சைலன்சரில் மாட்டிய குழாய் வழியாக வெளியே போகும். வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு விசிறி, சுவரில் நான்கு விசிறிகள். உருளைகள் உறுமின.

நூற்று நான்கு. அடுத்த முறை நூற்றொன்று.

“பாத்தியா?” என்றார் என் கணவர், என்னைப் பார்த்து.

“அக்கா, கொறைஞ்சிக்கினே போவுது, அது இன்னான்னு கேளு,” என்றான் தம்பி, அவனும் என்னைப் பார்த்து.

“நேர்ல நிக்கிறாரு, நீயே கேளுடா.”

“நிக்கிறது மெஷினோட புருஷன். எங்க மாமாவைக் காணோம்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு என் சாவியை நீட்டினேன். “அதை எறக்கிட்டு என் வண்டியை ஏத்துங்க.”

“இதுல இன்னா இருக்கு? கம்பெனிலேர்ந்து வந்தபடியே இருக்கு,” என்றார்.

“அதுக்குத்தான். யாரும் கை வைக்கல. இதான் மாமியார்.”

இவருக்கு அந்தக் கதை தெரியும். ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, பட்டைகளை அவிழ்த்தார்.

ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிற இந்த மாடலுக்குச் சக்கரத்தில் தொண்ணூறு வர வேண்டும் என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டார்கள். ஐந்து வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம். முதல் ஓட்டம் எண்பத்தேழு. இரண்டாவது எண்பத்துமூன்று. மூன்றாவது எழுபத்தொன்பது.

ட்யூனிங்கே செய்யாத வண்டி, என் காய்கறிப் பை இன்னும் பின்சீட்டில் கிடக்கிற வண்டி, நின்ற இடத்தில் எட்டுக் குதிரையைத் தொலைத்திருந்தது. இதற்குத் தம்பியைக் குறை சொல்ல முடியாது.

நான்காவது முறை உருளைகள் சுழன்றபோதுதான் அது வந்தது. முதலில் தொண்டையில் ஒரு கனமாக, பிறகு மூக்கில். மரப்பட்டை, மீன் எண்ணெய், இஸ்திரிச் சூடு. சுவர்கள் மூச்சு விட்டன. எத்தனையோ வருஷம் குடித்து வைத்திருந்த தோல் வாசனையைச் சுண்ணாம்புப் பூச்சு திருப்பிக் கொடுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரையடியில் காலிக் கம்பிகள், அவற்றில் இல்லாத தோல்கள் மெல்ல அசைவது மாதிரி இருந்தது.

“நிறுத்துங்க! மூச்சை இழுங்க. இன்னா வாசனை?”

“ஒண்ணும் வரலையே,” என்றார் இவர்.

“இழுங்க.”

இழுத்தார். தம்பியும் இழுத்தான். ஆம்பூரில் நின்றுகொண்டு இரண்டு பெரிய ஆண்கள் தோல் வாசனையைத் தேடி மூக்கை உறிஞ்சினார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் முதல் நாளே உள்ளே வந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டிருப்பான், இது என்ன அடுப்பா என்று.

“தோலு காயுது,” என்றான் தம்பி மெதுவாக. “ஆனா தோலே இல்லியே.”

“தோலைக் காய வைக்கிற சூடு இருக்கு இல்ல? அது போதும்,” என்றேன்.

தம்பிதான் முதலில் ஓடினான், லேப்டாப்பை என் வண்டியில் சொருக. இந்த முறை நான் தடுக்கவில்லை. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அமுக்கினால் காற்று கொதிக்கும். அதை ஆற்றுவதற்கென்று வண்டியின் முன்பக்கத்தில் ரேடியேட்டர் மாதிரி ஓர் இன்டர்கூலர் இருக்கிறது. அதன் மேல் குளிர்ந்த காற்று பட வேண்டும். இந்த ஹாலில் ஐந்து விசிறிகளும் ஒரே சூட்டைச் சுற்றிச் சுற்றி அடித்தன. சூடான காற்று உள்ளே வருவதைப் பார்த்த மூளைப் பெட்டி, எஞ்சின் கெட்டுவிடக் கூடாதென்று தீப்பொறியைத் தாமதமாக்கி, குதிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறது. திரையில் அந்த எண்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு என் கணவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மெஷின் பொய் சொல்லல,” என்றார்.

“மெஷினை யாரு குத்தம் சொன்னது மாமா,” என்றான் தம்பி. ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்த 'மாமா'. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி நடித்தார்கள்.

பிறகு நடந்தது ரகளை. பக்கத்து வீட்டில் இன்று ஒருநாள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன், ஷட்டரை முழுக்கத் தூக்கினார்கள். கூரையடியில் வரிசையாக ஜன்னல்கள் தகரம் அடித்து மூடிக் கிடந்தன. இவர் ஏணியைப் பிடிக்க, தம்பி மேலே ஏறித் தகரத்தைப் பிடுங்கினான். சத்தம் கேட்டுப் பாய் வந்துவிட்டார்.

“இன்னாப்பா ஞாயித்துக்கெழமை கூட பேஜார்? ஹாலை ஒடைக்கிறீங்களா?”

“பாய், உங்க சூடு எங்க குதிரைய தின்னுடுச்சு,” என்றான் தம்பி மேலேயிருந்து.

விஷயத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. “நான் அன்னிக்கே சொல்லல? ஒரு பொட்டு வெளிய போவாதுன்னு! இத்தினி வருஷம் கழிச்சும் புடிச்சி வச்சிருக்கு பாரு!” அவருடைய அப்பாவின் வேலை தப்பவில்லை, அதுதான் அவருக்கு. நான்கு டீக்குச் சொல்லி அனுப்பினார். விசிறிகளை ஏணி போட்டுத் திருப்பி வைத்தார்கள், இரண்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்க, இரண்டு சூட்டை வெளியே தள்ள. டீ குடித்து முடிக்கும்வரை இரண்டு வண்டிகளும் பானெட்டைத் திறந்துகொண்டு ஆறின.

மாமியார் இம்முறை தொண்ணூறு. மறுபடி தொண்ணூறு. மூன்றாவது தடவை எண்பத்தொன்பதரை. இனி இந்த ஹாலை நம்பலாம்.

டாக்டருடைய வண்டி ஏறியது. தம்பி கை கட்டிக்கொண்டு தூரத்தில் போய் நின்றான். கோடு ஏறியது.

“நூத்திப் பதினாலு,” என்றார் என் கணவர். பிறகு, அவரால் முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும்: “நாலு கம்மி.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் தம்பி சிரித்தான்.

“கணியம்பாடி ரோடு லேசா எறக்கம் மாமா. இப்பத்தான் தோணுது.”

“எறக்கத்துல ஓட்டினா என் சைக்கிளுக்கே டர்போ இருக்குடா.”

அதோடு விட்டிருந்தால் போதும், கையில் நல்ல தாள் இருந்தது. இவர் விடவில்லை. திரையில் கோட்டின் நடுவே ஒரு பள்ளத்தைப் பேனாவால் தொட்டார். மூவாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் கோடு குபீரென்று ஏறி, சரிந்து, மறுபடி ஏறியது. “இங்க இன்னா பண்ற?”

“அதா? முதுகுல தட்டற மாதிரி ஒரு தள்ளு வரும். கஸ்டமருக்கு அதான் புடிக்கும்.”

“தட்டறது இல்ல மச்சான். டர்போ ஜாஸ்தி தள்ளுது, பெட்டி பயந்து புடிச்சி இழுக்குது, மறுபடி விடுது. ரோட்ல உனக்குத் தள்ளு தெரியுது. இழுக்கறது தெரியல.”

தம்பி குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் தரையில் வைத்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். இவர் உருளைகளை ஒரே வேகத்தில் நிறுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் டர்போவின் அழுத்தம் ஏறுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கினான். இன்னும் கொஞ்சம், என்பார். போதும் மாமா, சத்தம் கேளுங்க, என்பான் இவன். ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவன் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்க, நான் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். திறந்த ஜன்னல்களிலிருந்து வெயில் துண்டுதுண்டாக இறங்கித் தோல் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடு போட்டது. அந்தக் கோடுகளும் திரையில் இருந்த கோடும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

கடைசி ஓட்டத்தில் பள்ளம் இல்லை. கோடு அலுங்காமல் ஏறியது. ஆனால் உச்சி நூற்றுப் பன்னிரண்டு.

“ரெண்டு போச்சு,” என்றார் இவர், தயங்கிக்கொண்டு. “பழைய கணக்கையே போட்டுக்கறியா? நூத்திப் பதினாலுன்னு தாள் தர்றேன். அதுவும் உண்மைதான்.”

பதினைந்து குதிரைக்காக ஐந்து வாரம் பேசாதவன் அவன்.

“பன்னெண்டுன்னே அடிங்க மாமா. கோட்டையும் சேத்து அடிங்க. பதினெட்டு நான் சொன்ன தப்புன்னு டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

நம்பருக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என்று இவர் இரண்டு தாள்கள் அடித்தார். தன்னிடமிருந்த பழைய நூற்று மூன்று தாளின் நகல் மேல் குறுக்கே கோடு போட்டு, 'ஹால் சூடு, என் தப்பு' என்று எழுதிக் கையெழுத்து வைத்து, அதையும் சேர்த்து மடித்துத் தம்பியின் சட்டைப் பையில் செருகினார். அவன் மார்பைத் தட்டி அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன். டாக்டர் காத்திருப்பார் என்றான். வண்டியைத் தெருவுக்கு எடுத்து, கண்ணாடியை இறக்கினான். நான் கேட்க நினைத்ததை இவரே கேட்டார், குனிந்து, கதவில் கை வைத்து.

“பூனாக்காரனுக்கு நாளைக்கு இன்னா சொல்லப் போற?”

“நாளைக்கு இன்னாத்துக்கு மாமா? வேலூர் போனதும் இன்னிக்கே சொல்லிட்றேன், வரலைன்னு.”

இவர் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. தம்பி கியரைப் போட்டான். எனக்கு ஒரு தலையசைப்பு. பிறகு, ஹாலின் கூரையடியைக் கண்ணால் காட்டி, அவரிடம்:

“மேல ஜன்னலை மூடிடாதீங்க மாமா. காலையில அடுத்த வண்டியோட வர்றேன்.”